ஹிலி எடுத்த அளவு

ஸ்வோலே என்ற டச்சு ஊரில் திரைச்சீலை தைக்கும் ஹிலி, துணியை மூன்று முறை அளக்காமல் கத்தரி வைக்க மாட்டாள். தம்பி பெரென்ட்டை வளர்த்ததும் அப்படித்தான். அவன் பாலப் பொறியாளன் ஆனபின், வாடிக்கையாளர்களுக்கு ஜன்னல் அளவோடு அவன் பெருமையும் சேர்ந்தே கிடைக்கும்.

நிச்சய மோதிரம் வாங்க அவனோடு அவளும் போனாள். நகைக்காரர் இரண்டு வழி சொன்னார்: இருக்கிற மாதிரியில் கல்லையும் விளிம்பையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அல்லது முதலிலிருந்து வரைந்து புதிதாகவே செய்யலாம்.

"முதல் வழியே போதும்க்கா. லிட்வினுக்குச் சிம்பிளா இருந்தாதான் பிடிக்கும்."

"பாதி ரெடிமேடா? என் தம்பி கட்டிக்கப்போற பொண்ணுக்கா?"

சுற்றிலும் இலை செதுக்கிய புது மோதிரம் ஒன்றை அவளே வரையச் சொன்னாள். அதைப் பிறகு பெரிதாக்க முடியாது என்று நகைக்காரர் எச்சரித்தார்.

"அளவு எங்கிட்ட இருக்குங்க. மூணு தடவ எடுத்தது."

பாத்திரம் கழுவும்போது லிட்வின் இடது மோதிரவிரலிலிருந்து கழற்றி வைத்த வளையத்தை ஹிலி அளந்திருந்தாள். ஹிலியின் புராட்டஸ்டன்ட் சபையில் நிச்சய மோதிரம் இடது கைக்குத்தான்.

ஹிலியின் பிறந்தநாள் வந்தது. நாற்காலிகள் வட்டமாய்ப் போட்டு, இரு வீட்டாரும் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் கேள் என்று ஹிலிதான் சொல்லியிருந்தாள். கட்டிக்கொள்கிறாயா என்று பெரென்ட் கேட்டான். லிட்வின் சிரித்துத் தலையாட்டி, வலது கையை நீட்டினாள். நாற்றுப்பண்ணையில் நாள் முழுக்கக் கத்தரி பிடித்துக் காய்த்த கை. மோதிரம் விரல் முட்டியைத் தாண்டவில்லை.

"இடது கைம்மா," என்றாள் ஹிலி.

"நாங்க கத்தோலிக்கருங்களாச்சே அண்ணி. எங்களுக்குக் கல்யாண மோதிரம்தான் இடது கை. நிச்சயத்துக்கு வலது."

"கேக்குல இருக்கிற வெண்ணெயத் தடவிப் பாருடா," என்றார் லிட்வினின் மாமா. வட்டம் முழுக்கச் சிரித்தது.

"அளவ நான்தான் கோட்டை விட்டுட்டேன்," என்றான் பெரென்ட்.

"இவன் கட்டுற பாலத்துல நான் நடக்க மாட்டேம்ப்பா," என்றார் மாமா. மறுபடி சிரிப்பு.

ஹிலி காப்பி ஊற்றிக்கொண்டே இருந்தாள். பால் எடுக்கிற சாக்கில் சமையலறைக்கு ஓடினாள். பின்னாலேயே பெரென்ட் வந்தான்.

"என் பேரச் சொல்லிருக்கலாமேடா."

"உன் பிறந்தநாளாச்சேக்கா."

அந்தப் பதில் அவளைக் கூசிப்போக வைத்தது. பால் எடுக்காமலே கூடத்துக்குத் திரும்பினாள்.

"அளவெடுத்தது நான். அவன் கேட்டது இந்த மோதிரமும் இல்ல. லிட்வினுக்குச் சிம்பிள்தான் பிடிக்கும்னு சொன்னான், நான்தான் கேக்கல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த சனிக்கிழமை பெரென்ட்டோடு நகைக்கடைக்குப் போனபோது, லிட்வின் வற்புறுத்தி ஹிலியையும் அழைத்துப் போனாள். ஹிலி வாசலோடு நின்றுகொண்டாள். கண்ணாடி வழியே, மாதிரித் தட்டிலிருந்து ஒன்றை லிட்வின் சட்டென்று எடுப்பது தெரிந்தது.

"உள்ள வாங்க அண்ணி, எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

"உனக்குப் பிடிச்சிருக்கில்ல, அது போதும்மா," என்றாள் ஹிலி, தரையைப் பார்த்தபடி.