அத்தானுக்காக வாங்கிய புரொசெசர்

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், எதையும் கண்ணால் கண்டால்தான் நம்புவார். சண்டைக்காலத்தில் அக்காவையும் மகளையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் போனவர். நாங்கள் நானாட்டானில் மீளக் குடியேறி இரண்டு வருசமாகியும், அவர் தமிழ்நாட்டு முகாமை விட்டு அசையவில்லை. “வாங்கோ அத்தான், இப்ப பயமில்லை” என்று போனில் எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்! “கூப்பிட நினைச்சால் அப்பிடித்தானே சொல்லுவியள்” என்பார். அவருடைய வீடும் கிணறும் நிற்கிற வளவைப் படம் எடுத்து அனுப்பினோம். “ஆற்றயோ வளவை எடுத்து அனுப்பியிருக்கலாம்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் அக்கா அழுவது கேட்டபடியால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஊர் திரும்ப விரும்புகிறவர்களின் பெயர்களை முகாமில் எழுதத் தொடங்கினார்கள். வருகிற திங்கட்கிழமை கடைசி நாள். அதை விட்டால் அடுத்த தரம் எப்போது எழுதுவார்களென்று யாருக்கும் தெரியாது. அக்கா அவருக்குத் தெரியாமல் எனக்குப் போன் எடுத்தார். “ஞாயிறு காலமை பத்து மணிக்கு அவரை நெட் கடைக்குக் கூட்டிக்கொண்டு வாறன். நீ எப்பிடியாவது வளவை நேரில காட்டு. இல்லாட்டி நான் இஞ்சையே கிடந்து சாகவேண்டியதுதான்” என்றார்.

என்னிடம் ஒரு கம்பியூட்டர் இருந்தது. அதை வைத்துத்தான் சந்தியில் போட்டோப்பிரதியும் தட்டச்சுமாக ஒரு சின்னக் கடை நடத்தினேன். வீட்டுத்திட்டப் படிவம் அடிக்க அது போதும். வீடியோவில் பேசப்போனால் முகம் கல்லாய் நிற்கும், குரல் மட்டும் தனியே ஓடும். மன்னார் டவுனில் கம்பியூட்டர் சாமான் விற்கிற தம்பியைக் கேட்டேன். “புரொசெசர் பழசு அக்கா. வேகமானதாய் மாத்தினால் ஓடும்” என்றான்.

என் கணவர் டிராக்டர் மெக்கானிக். எங்கள் பக்கத்தில் ஸ்பெயர் பார்ட்ஸ் வாங்குகிற முறை ஒன்றே ஒன்றுதான். பழைய சாமானைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவோம், புதியதைப் பக்கத்தில் வைத்து அளவு பார்ப்போம், சரியென்றால் வாங்குவோம். பேரிங்கும் ஒயில் சீலும் அப்படித்தான் வாங்குவது. புரொசெசரையும் அவர் கழற்றித் தந்தார், நான் லேஞ்சித் துண்டில் சுற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன்.

கடைத்தம்பி முதல் கேட்ட கேள்வி, “உங்கட மதர்போர்ட் என்ன மொடல் அக்கா?” புரொசெசர் போய் உட்காருகிற பெரிய பலகைக்குத்தான் அந்தப் பெயர்.

“பலகையைக் கொண்டுவர நான் என்ன லொறியிலயே வந்தனான்? இந்தா சாமான். இதின்ர அளவில வேகமானதாய் ஒண்டு தாருமன்.”

“அளவு மட்டும் பாத்துத் தரேலாது அக்கா.”

“தம்பி, நான் பத்து வருசமாய் டிராக்டர் சாமான் வாங்கிறனான். எனக்குப் படிப்பிக்காதையும்!”

பாவம், அவன் ஒன்றை எடுத்து வைத்தான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அதே சதுரம், ஓரத்தில் அதே இரண்டு வெட்டு, அடியில் அதே பொட்டுப்பொட்டான புள்ளிகள். சகோதரங்கள் மாதிரி இருந்தன. பெரிய வெற்றியோடு வீடு வந்தேன்.

பின்னேரம் என் கணவர் அதைப் பலகையில் பூட்டினார். பொருந்தி உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, திரை கறுப்பு. கழற்றிப் பூட்டினோம், மறுபடியும் கறுப்பு. அட கோதாரி! உடனே போனை எடுத்துக் கடைத்தம்பியைக் காய்ச்சி எடுத்தேன். பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டாயென்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் அமைதியாகச் சொன்னான்: “பெட்டியைத் திறந்து போர்டில எழுதியிருக்கிறதை வாசிங்கோ அக்கா. மொடலுக்குப் பக்கத்தில சின்ன எழுத்தில ஒரு வேர்ஷன் நம்பர் இருக்கும்.”

டோர்ச் அடித்து, தூசியை ஊதி வாசித்தேன். வேர்ஷன் ஒன்று. அவன் கொஞ்ச நேரம் இன்டர்நெட்டில் தேடினான். பிறகு விளங்கப்படுத்தினான். அதே பெயரில் அந்தப் போர்ட் இரண்டு வேர்ஷனாக வந்திருக்கிறது. இரண்டிலும் புரொசெசர் உட்காரும் இடம் ஒரே அளவு. ஆனால் நான் வாங்கியதை இரண்டாம் வேர்ஷன்தான் அடையாளம் காணும், முதலாவதற்கு அது யாரென்றே தெரியாது. எந்தப் போர்ட் எந்தப் புரொசெசரை ஏற்குமென்று செய்தவர்களே பட்டியல் போட்டிருக்கிறார்களாம். வாங்க முதல் அதைத்தான் பார்க்கவேண்டுமாம். அவன் கடையில் கேட்டதும் அதற்குத்தான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஞாயிற்றுக்கிழமை எங்கட அத்தானுக்கு வளவு காட்டவேணும் தம்பி” என்று தொடங்கி, முகாமில் பெயர் எழுதுவது, அக்கா, திங்கட்கிழமை எல்லாவற்றையும் கொட்டினேன். “நாங்கள் கொண்டச்சி ஆக்கள் அக்கா. நாங்களும் சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து புத்தளத்தில இருந்தனாங்கள். எங்கட வாப்பாவும் ஊரை வந்து பாத்திட்டுத்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர். நாளைக்கு வாங்கோ” என்றான்.

சனிக்கிழமை போனால், பட்டியலில் உள்ள புரொசெசர் விற்பனைக்கு இல்லை. எனக்காகத் தன் மேசைக் கம்பியூட்டரைத் திறந்து, அதிலிருந்ததையே கழற்றிக்கொண்டிருந்தான். மேலே அப்பியிருந்த பசையைத் துணியால் துடைத்து, தகட்டில் பொறித்திருந்த குறியைக் காட்டினான். பட்டியலில் இருந்த குறியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். ஒரு தரமில்லை, மூன்று தரம். “டிராக்டர் சாமானுக்கும் இவ்வளவு பாப்பியளோ அக்கா?” என்று அவன் சிரித்தான். நல்லாய்த்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று பின்னேரம் பூட்டியதும் திரை வெளிச்சமானது.

ஞாயிறு காலை கமெராவும் இன்டர்நெட் டொங்கிளுமாகக் கம்பியூட்டரை டிராக்டரின் இழுவைப் பெட்டியில் ஏற்றினோம். கோயில் ஜெனரேட்டரை இரவல் வாங்கி அதையும் ஏற்றி, அக்காவின் வளவுக்குள்ளே கொண்டுபோய் நிறுத்தினோம். பத்து மணிக்கு அழைப்பு வந்தது. திரையில் அக்கா அசைந்தார், சிரித்தார், கண்ணைத் துடைத்தார். எதுவும் உறையவில்லை.

அத்தான் முகத்தில் சிரிப்பில்லை. கமெராவை மெல்லத் திருப்பினேன். கூரை இல்லாத வீடு, கதவில்லாத வாசல். நல்ல பக்கத்தை மட்டும் காட்டுவோமா என்று ஒரு நினைப்பு வந்தது. காட்டினால் நானும் பொய்க்காரிதான். “அத்தான், கூரை இல்லை. கதவு, யன்னல் ஒண்டும் இல்லை. எல்லாத்தையும் பாருங்கோ” என்றேன்.

“கிணத்துக்கட்டைக் காட்டு பிள்ளை. கிழக்குப் பக்கம்.”

கமெரா வயர் எட்டவில்லை. என் கணவர் டிராக்டரைப் பின்னால் எடுத்தார். கிணற்றுக்கட்டின் சீமெந்தில் ஒரு குழந்தையின் பாதம் பதிந்திருந்தது. எங்களுக்கு அதுவரை தெரியாது. அத்தான் திரைக்கு நெருங்கி வந்தார். பிறகு திரும்பி, பின்னால் நின்ற மகளின் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார். அவரைவிட உயர்ந்துவிட்டாள். “உன்ர கால்தான். பார்” என்றார்.

என் கணவர் டிராக்டரை விட்டு இறங்கித் திரைக்கு முன்னால் வந்தார். “அண்ணை, நீங்கள் யோசிக்காதேங்கோ. நாளைக்கே டவுனில ஒரு கதவு வாங்கிக் கொண்டுவந்து போட்டுவிடுறன்” என்றார்.

“சும்மா இரும் தம்பி!” அத்தான் சீறி விழுந்தார். “அளவு தெரியாமல் கதவு வாங்கிறதே? கதவு நிலையை நான் வந்து அளந்துதான் வாங்குவன்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பொத்தவில்லை, அந்த வளவு அதிரக் குளறி அழுதேன்.