கித்தார்க்காரர் வீட்டுக்குப் போன பாவாடை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மிச்சம் இரண்டும் என் கொழுந்தன் பிள்ளைகள். ஆறில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. அதை எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து சொல்வேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. இருந்தாலும் எழுத்துக் கூட்டி எழுதிவிடுவேன், நேரம்தான் ஆகும். எனக்கென்ன அவசரம்?

போன வாரம் என் பேத்தி சரியாகச் சாப்பிடவில்லை. ஏதோ வெளிநாட்டில் கித்தார் வாசிக்கிற ஒரு பெரிய மனிதர் செத்துப்போனாராம். கூடப் படிக்கிற பிள்ளைகள் வந்து நடுவீட்டில் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பேச்சில்லாமல் அழுதார்கள். நான் மார்கழியில் காய்ச்சலில் கிடந்தபோது, "மாத்திரை போட்டியா ஆச்சி" என்று வாசலில் நின்று கேட்டதோடு சரி இந்தப் பிள்ளை. முகம் தெரியாத ஆளுக்கு இத்தனை கண்ணீரா என்று எனக்கு வயிறு எரிந்தது. வாய்விட்டும் கேட்டுவிட்டேன்.

"ஒனக்குத் தெரியாது ஆச்சி. அது ஜாஸு" என்றாள்.

எனக்கா தெரியாது? அவளுடைய அம்மா பிறப்பதற்கு முன்பே அந்த வார்த்தையைக் கேட்டு வயிறெரிந்தவள் நான்.

அப்போது எங்கள் வீடு தாமிரபரணிக் கரையில், வாழையும் நெல்லுமாக இருந்த ஊரில். அப்பா வாழை போட்டிருந்தார். பேச்சு குறைவு. பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுகிற வழக்கமும் கிடையாது. தூக்கினால் பிள்ளைக்குத் திமிர் ஏறும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவர் ஒரே ஒரு ஆளுக்காகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அந்த ஆள்தான் கித்தார்க்காரர்.

அவர் திருச்செந்தூருக்கு அந்தப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். கப்பலில் வேலைக்குப் போன இடத்தில் துறைமுகத்துக்குத் துறைமுகம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாத்தியமாம். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரும் பாட்டுக் கச்சேரியில் வாசிப்பார். பாடுகிறவர் சோடா குடிக்க ஒதுங்குவார் அல்லவா, அப்போது இவர் கண்ணை மூடிக்கொண்டு தன் போக்கில் தொடங்குவார். முதலில் நமக்குத் தெரிந்த பாட்டாகத்தான் இருக்கும். பிறகு அது ஆற்றில் விழுந்த தேங்காய் மாதிரி எங்கேயோ மிதந்து போகும். போயே போய்விட்டது என்று நினைக்கும்போது நம் காலடியில் வந்து முட்டும். அதற்குப் பேர் ஜாஸ் என்று அவரே சொல்லித்தான் எங்கள் ஊருக்குத் தெரியும். ஊர்சனம் அந்த நேரத்தில் காப்பி குடிக்க எழுந்துபோகும். அப்பாவும், டெய்லரும், சைக்கிள் கடை அண்ணாச்சியும் மட்டும் அசைய மாட்டார்கள். பிற்பாடு எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் எல்லாம், பாட்டு முடிந்ததும் ஒரு ஆள் தனியாக வாசிப்பது என்று ஒரு வழக்கமே வந்தது. எல்லாம் இவரைப் பார்த்துத்தான்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது அப்பாவின் விரல் மண்வெட்டிப் பிடியில் அந்த வாசிப்பைத் தட்டிக்கொண்டிருக்கும். என் தலையில் ஒரு நாள் அந்த விரல் பட்டிருக்குமா? அந்த மண்வெட்டியைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.

அந்தக் கித்தார்க்காரர் மஞ்சள் காமாலையில் செத்துப்போனார். சேதி எங்கள் ஊருக்கு வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று மூன்று பேரும் வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் அப்பா, மற்ற இரண்டு பேரையும் போலவே, மீசையை எடுத்துவிட்டு வந்தார். பெற்ற தகப்பனுக்கு எடுக்கிற மீசை. நான் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அம்மாவுக்குத் தாங்கவில்லை. "எங்க அய்யா செத்ததுக்கு இந்த மீசை எங்கன போயிருந்தது?" என்று கேட்டாள்.

அதன்பிறகுதான் அந்த அதிசயம். ஒரு சாயங்காலம் அப்பா என்னைக் கையைப் பிடித்து டெய்லர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "என்ன கலரு பிடிக்கும்டி ஒனக்கு?" என்று கேட்டார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. கத்தரிப்பூக் கலர் என்றேன். டெய்லர் என்னை முன்னும் பின்னும் திருப்பி அளவெடுத்தார். "கீழ லேசு வைக்கணும் மாமா" என்றேன். "வச்சிருவோம்" என்றவர் ஏனோ மூக்கை உறிஞ்சிக்கொண்டார். சளியாக்கும் என்று நினைத்தேன். தீபாவளியும் இல்லை, கொடையும் இல்லை. கித்தார்க்காரர் போனதும் அப்பா நமக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார் என்று எனக்குள் ஒரே குதியாட்டம்.

பதினாறாம் நாள் மூன்று பேரும் கடற்கரை ஊருக்குப் புறப்பட்டார்கள். நானும் வருவேன் என்று அழுதேன். பாவாடை அப்பாவின் மஞ்சள் பையில் இருந்தது எனக்குத் தெரியும். அங்கே போய் நாலு பேர் பார்க்க எனக்குப் போட்டுவிடப்போகிறார் என்பது என் கணக்கு. அப்பாவும் சரி என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடந்து போனால், அந்த வீட்டில் விசேஷத்துக்கான அறிகுறியே இல்லை. அவர்களுக்குப் பதினாறு கிடையாது என்று இவர்களில் ஒருவருக்குமே தோன்றவில்லை. கித்தார்க்காரர் சம்சாரம் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தது. மீசை இல்லாத மூன்று ஆண்கள், தேங்காய் பழத் தட்டோடு, ஒரு சிறுமியையும் இழுத்துக்கொண்டு வந்து வரிசையாக நின்றால் யார்தான் மிரள மாட்டார்கள்?

"யாரு நீங்க? அவுகளுக்கு என்ன முறை?" என்று கேட்டது அந்த அம்மா.

சைக்கிள் கடை அண்ணாச்சி டெய்லரைப் பார்த்தார். டெய்லர் அப்பாவைப் பார்த்தார். "முறைன்னு ஒண்ணும் இல்லம்மா" என்றார் அப்பா. "அவரு வாசிக்கதைக் கேக்கிறவங்க."

அந்த அம்மா கையில் இருந்த கருவாட்டைக் கீழே வைத்தது. அதுவரை அழாமல் இருந்திருக்கும்போல. ஒரே ஓலமாக உட்கார்ந்துவிட்டது. அப்பாவும் அழுதார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

கொஞ்சம் அடங்கியதும் அண்ணாச்சி ஒரு சேலையை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தார். "கோடி" என்றார். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில், புருஷனையோ தகப்பனையோ பறிகொடுத்தவர்களுக்குத் தாய்மாமன் வீட்டார் போடுகிற துணி அது. "எங்கள்ல இந்த வழக்கம் இல்லையே" என்றது அந்த அம்மா. சொல்லிக்கொண்டே வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது.

அப்பா பையைத் திறந்தார். நான் ஓரடி முன்னால் போனேன். கதவுக்குப் பின்னால் என் உயரத்தில் கித்தார்க்காரர் பெற்ற பெண்பிள்ளை நின்றிருந்தது. "வாம்மா, இங்கன வா" என்று அப்பா கூப்பிட்டது அதைத்தான். என் கத்தரிப்பூப் பாவாடையை அதன் தோளில் போட்டார். அது மட்டுமா? எனக்கு ஒரு நாளும் கிடைக்காத கையை அதன் தலையில் வைத்தார். டெய்லர் இடுப்பில் பிடித்துப் பார்த்து, "அளவு சரியா இருக்குவே" என்றார். ஏன் சரியாக இருக்காது, அளவுக்கு நின்றது நானல்லவா?

நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பாவாடையைப் பார்க்கவில்லை, லேசைப் பார்க்கவில்லை. நான் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தது. பாவாடை போதாதென்று இதுவும் வேண்டுமாக்கும் என்று நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "எனக்கும் அதே மாதிரி வேணும். அதே துணியில" என்று அடம் பிடித்தேன். அப்பா சட்டென்று என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். "அந்தத் துணி ஒனக்கு வேண்டாம்டி" என்றார். அப்பாவின் மடியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அதைக்கூடக் கோபத்தில் நான் அனுபவிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒப்பித்தேன். "எனக்கு அளவெடுத்துத் தைச்சதை அவளுக்குக் குடுத்துட்டாரு."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "பெத்த பிள்ளைய நிறுத்தி வச்சா கோடிக்கு அளவெடுத்தீங்க?"

"அந்தப் பிள்ளைக்கும் இதே வயசு..." என்று அப்பா இழுத்தார்.

"நீங்க உசுரோட இருக்கையில இவ ஒடம்புல கோடி அளவா? கித்தாரு கேட்ட காதுல புத்தி தங்கலையா?"

என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்க் குடம் குடமாகத் தலையில் ஊற்றினாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். என்னை அப்பாவின் பக்கத்தில் நிறுத்தி அவருக்கும் சேர்த்துச் சுற்றினாள். அழுதுகொண்டேதான் செய்தாள். எனக்கோ பரம திருப்தி. என் பாவாடை போனதற்கு அம்மாவாவது அழுகிறாளே என்று அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். ஒரே பாவாடைக்கு ரெண்டு பேரும் அழுகிறோம் என்றுதான் நினைத்தேன்.

அப்பா நெடுங்காலம் இருந்தார். அவர் போனபோது எனக்கே கல்யாண வயதில் பிள்ளை. பதினாறாம் நாள் என் தாய்மாமன் மகன் வந்து, புதுச்சேலையை என் தோளில் போட்டான். அது என்ன கலர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கூட்டத்தில் யாரோ ஒருவரின் சின்னப்பிள்ளை, தகப்பன் விரலைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றது. என் கண் அந்தக் கையிலேயே போய் நின்றுவிட்டது. எடுக்க முடியவில்லை.

இவ்வளவுதான் எழுத வந்தது. ஏட்டி, காதில் கிடக்கிறதைக் கழற்றிவிட்டு இங்கே வா. இதை எனக்குச் சத்தமாக வாசி. அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டு நின்ற இடம் வரும், அங்கே மட்டும் பைய வாசி.