முடியோடு எடுத்த அளவு

சித்தூர் டிப்போவில் எப்சிபாவைத் தெரியாதவர்கள் இல்லை. திருப்பதி வண்டியில் கண்டக்டர். பாகாலாவில் ஏறுகிறவர் ஊர்ப் பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் டிக்கெட் அவர் கையில் இருக்கும். குடித்துவிட்டு ஏறுகிறவன், உள்ளே நிற்பது எப்சிபா என்று கண்டால் வந்த வழியே இறங்கிவிடுவான். எந்தக் கூட்டத்திலும் அவள் குரல் கம்மியதில்லை, கணக்கு பிசகியதில்லை. அவள் உறவில் இதைச் சொல்லிக்கொள்ளாத ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவள், ஒரு நூல் உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

இடது மார்பில் கட்டி. திருப்பதி ஆஸ்பத்திரியில் கீமோ ஆரம்பித்துவிட்டார்கள். முதல் தடவை அக்கா ஈவ்லின் கூடப் போயிருந்தாள். மருந்து ஏறி முடிந்ததும், ஊசியைக் கழற்றிய நர்ஸ் எப்சிபாவின் கொண்டையைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை வர்றதுக்குள்ள முடி கொட்டிடும்மா, இப்பவே மனசைத் தேத்திக்கோங்க" என்றாள்.

வீட்டில் இரண்டு பேருக்குத்தான் விஷயம் தெரியும். ஈவ்லினுக்கும், ஈவ்லின் புருஷன் பிலிப்புக்கும். கல்யாணம் வேண்டாமென்று அக்கா வீட்டோடு இருந்துவிட்டவள் எப்சிபா. டிப்போவில் முதுகுவலி என்று லீவு போட்டாள். சர்ச்சில் யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று அக்காவிடம் பைபிள் மேல் சத்தியம் வாங்கினாள்.

காரணம் உண்டு. அவர்கள் சபையில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சுருட்டின பாயும் பாட்டுப் புத்தகமுமாக வருவார்கள், கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள், அழுது ஜெபிப்பார்கள். எப்சிபாவின் அம்மாவுக்கும் வந்தார்கள். அப்போது எப்சிபா பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. பாய் விரித்த வாரமே அம்மா போய்விட்டாள். எதிர்வீட்டு வாத்தியாருக்கு விரித்தார்கள், அவரும் போனார். ஆஸ்பத்திரி கைவிட்ட பிறகுதான் பாய் வருகிறது என்பது வளர்ந்த எப்சிபாவுக்குப் புரியாமல் இல்லை. இருந்தும், தெருவில் யாராவது பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனால் அவள் எதிர்ப்பக்கம் தாண்டிப் போய்விடுவாள்.

ஆகவே தலை தெரியக்கூடாது. பொழுது விடிந்தால் பனி. மொட்டைத் தலைக்குக் குல்லா வேண்டும். குல்லாவுக்கா பஞ்சம்? திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மலைபோல் குவித்து விற்கிறார்கள். அதுதான் சங்கடம். மலையில் முடி கொடுத்துவிட்டு இறங்குகிறவர்கள் வாங்கிப் போடுகிற குல்லா அது. வருஷக்கணக்காக அந்தத் தலைகளுக்கு டிக்கெட் கொடுத்தவள் எப்சிபா. அதைப் போட்டுக்கொண்டு சித்தூரில் இறங்கினால், மலைக்கு மொட்டை போட்டுவிட்டாள் என்பதைத் தவிர பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் தோன்றாது.

"கையாலேயே பின்னிக்கிறேன். ஹாஸ்டல்ல கத்துக்கினதுதானே" என்றாள்.

"உடம்புல உறுத்தாத நூலா பார்த்து வாங்கு. குழந்தை ஸ்வெட்டருக்குப் போடுவாங்களே, அது" என்றாள் ஈவ்லின். அக்காவுக்கு எதிலும் நேர்த்தி வேண்டும்.

சாம்பல் நிறத்தில் மெத்தென்ற நூல் வாங்கினார்கள். எப்சிபா தலையைச் சுற்றி ஒரு நூலை இழுத்து அளவு எடுத்தாள். அதற்கேற்றபடி ஊசியில் கண்ணி ஏற்றினாள். விளிம்புக்கு ஒரு கண்ணி நேராக, ஒரு கண்ணி புரட்டி. அப்போதுதான் ரப்பர் மாதிரி இழுபடும். அதற்கு மேல் வெறும் நேர்ப் பின்னல். உச்சி வரும்போது இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்துக் குறைத்து, மிச்சத்தில் நூலைக் கோத்து இழுத்து, பக்கத்தை மூட்டிவிட்டால் குல்லா.

சொல்லும்போது சுலபம். எப்சிபா பின்னப் பின்ன, கட்டி ஞாபகம் வந்து கை நூலை இறுக்கியது. ஈவ்லின் வாங்கிப் பார்த்தாள்.

"என்னாடி இது, கோணிப்பை மாதிரி இருக்குது! ஊசி முனைகூட நுழையல."

"கை தானா இழுக்குதுக்கா. நான் என்னா பண்ண?"

"பிரி. பயப்படறப்ப ஊசியைத் தொடாத. துன்னுட்டு, கொஞ்சம் பேசிக்கினு, அப்பறம் எடு."

"அப்போ நான் எப்பவுமே தொட முடியாது."

பிரித்தார்கள். மறுபடி தளரப் பின்னினாள். குல்லா அழகாகத்தான் வந்தது. கொண்டையை அவிழ்த்துவிட்டுப் போட்டுப் பார்த்தபோது அச்சாக உட்கார்ந்தது.

ஒரு காலை, தலையணையெல்லாம் முடி. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் கொத்துக் கொத்தாக வந்தது. கொல்லைப்புறத்தில் ஸ்டூலைப் போட்டு ஈவ்லினே மிச்சத்தை மழித்தாள். ஒரு கீறல் இல்லாமல் மழித்தாள். எப்சிபா கண்ணாடி கேட்கவில்லை, குல்லாவைக் கேட்டாள். மாட்டினாள். குல்லா புருவத்தைத் தாண்டிக் கண்ணை மூடியது.

ஈவ்லின் அதை மேலே தள்ளிப் பார்த்தாள். மறுபடி இறங்கியது.

"முடியோட அளவு எடுத்திருக்கோம்டி" என்றாள் ஈவ்லின். "அவ்ளோ முடி. அது போனா தலை எவ்ளோ சின்னதாகும்னு ரெண்டு பேர்ல ஒருத்திக்குத் தோணல பாரு."

மறுநாளே இரண்டாவது கீமோ. பிரித்துப் பின்ன நேரமில்லை. பின்பக்கத்தை மடித்து ஊக்குக் குத்தினாள் அக்கா. அன்றைக்குப் பார்த்து பிலிப்புக்கு அனலாய்க் காய்ச்சல்.

"தனியாப் போய்டுவியா?"

"நான் டிக்கெட் குடுத்த ரோடுக்கா அது" என்றாள் எப்சிபா. வாய்தான் சொன்னது.

போனாள். மருந்து ஏறியது. திரும்பும்போது வேறு டிப்போ வண்டியாகப் பார்த்து ஏறினாள்; ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தலைக்கு மேல் முக்காடு, அதற்குள் குல்லா. சந்திரகிரி தாண்டியதும் வயிற்றைப் புரட்டியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். காற்றில் முக்காடு சரிந்தது. ஊக்கு விட்டு, குல்லா கழன்று மடியில் விழுந்தது.

பக்கத்து சீட்டில் இருந்தவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வயசானவள், அவளுக்கும் மொட்டை; சந்தனம் இன்னும் காயாமல் பளபளத்தது. பெயர் செல்லியம்மா என்று ஏறும்போதே சொல்லியிருந்தாள்.

"மொக்கு தீர்ச்சுகுன்னாவா தல்லி? வேண்டுதல் முடிச்சியா? அட, நம்ம ஜாடை! எதுக்கு மூடிக்கினு வர்ற? சாமிக்குக் குடுத்த முடிக்கு வெட்கமா?" என்றாள். "சந்தனம்கூட வெக்காம வுட்டாங்களா? சூடு ஏறிக்கும்மா, அதான் மசக்கைக்காரி மாதிரி வாந்தி எடுக்கற." பையிலிருந்து சின்ன டப்பாவைத் திறந்து, குழைத்த சந்தனத்தை எப்சிபாவின் தலையில் வழித்துப் பூசினாள். குளிர்ந்தது. வேண்டாம் என்று சொல்ல எப்சிபாவுக்குத் தெம்பு இல்லை. எரிந்துகொண்டிருந்த தலைக்கு அது சுகமாகவும் இருந்தது.

அப்போதுதான் இரண்டு சீட் முன்னால் ஒரு தலை திரும்பியது. கிரேஸ். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி.

கிரேஸ் எழுந்து கம்பியைப் பிடித்தபடி வந்தாள். தலையைப் பார்த்தாள், சந்தனத்தைப் பார்த்தாள்.

"எப்சிபா! நீயா? இது என்னா கோலம்மா?"

வியாதி என்றால் பாய் வரும். அந்த ஒன்றுதான் எப்சிபாவின் மூளையில் ஓடியது.

"வேண்டுதல் அக்கா" என்றாள்.

"வேண்டுதலா? மலைக்கா? நம்ம சபையில இருந்துக்கினா?"

"ஆமா."

"நல்ல காரியம்தானே பண்ணியிருக்குது, எதுக்கும்மா அதட்டற?" என்று செல்லியம்மா கிரேஸிடம் சண்டைக்குப் போனாள். கிரேஸ் தன் இடத்துக்குத் திரும்பினாள். சித்தூர் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட ஈவ்லின் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பைத்தியமாடி உனக்கு? நாளைக்கு சபையில கூப்ட்டு விசாரிப்பாங்க. அப்பமும் ரசமும் குடுக்காம ராப்போஜனத்துல இருந்து தள்ளி வெப்பாங்க."

"வெக்கட்டும். பாய் எடுத்துக்கினு வரமாட்டாங்க இல்ல."

"அடுத்த தடவை?"

"நான் இனிமே திருப்பதிக்குப் போகலக்கா."

அக்கா அதட்டினாள், கெஞ்சினாள், டாக்டர் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னாள். பிலிப்பும் சொல்லிப் பார்த்தான். எப்சிபா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பஸ்ஸில் யார் பார்ப்பார்கள், யார் கேட்பார்கள் என்று நினைத்தாலே அவளுக்கு வியர்த்தது. போகாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலும் வியர்த்தது. மூன்றாவது கீமோ நாள் நெருங்க நெருங்க அவள் சாப்பாட்டைக் குறைத்தாள், பேச்சையும் குறைத்தாள். ஈவ்லினுக்கு, தங்கைக்குச் செய்து கொடுத்த சத்தியம் குறுக்கே நின்றது. போய்ச் சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

கீமோவுக்கு முந்தின சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. ஈவ்லின் திறந்தாள். கிரேஸ், அவள் பின்னால் சங்கத்துப் பெண்கள். ஒருத்தி அக்குளில் பாய்.

உள்ளறைக் கட்டிலிலிருந்து எப்சிபா அதைப் பார்த்தாள். அக்கா சொல்லிவிட்டாள் என்று நினைத்தாள். டாக்டர் அக்காவிடம் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறார், முடிந்துபோய்விட்டது என்று நினைத்தாள். இவர்கள் வழிதவறிப் போன ஆட்டைத் திருப்ப வந்தவர்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"பயப்படாத எப்சிபா" என்று கிரேஸ் சொல்லிக்கொண்டே பாயை விரிக்கச் சொன்னாள். "தப்பு பண்ணாத மனுசங்க யாரு? ஒரு பாட்டு பாடி ஜெபம் பண்ணிட்டுப் போறோம். சர்ச்சு ஐயரு காது வரைக்கும் நான் இன்னும் கொண்டுபோகல."

பெண்கள் உட்கார்ந்தார்கள். புத்தகங்கள் திறந்தன. ஒருத்தி தொண்டையைச் செருமினாள்.

"பாடாதீங்க!"

வண்டியில் கடைசி சீட்டு வரைக்கும் போகிற அந்தக் குரல் அன்றைக்குத் தெரு வரைக்கும் போனது.

"பாடாதீங்கக்கா. எங்கம்மாவுக்குப் பாடினீங்க. வாத்தியாருக்குப் பாடினீங்க. எனக்கு வேணாம். நான் மலைக்குப் போகல. முடி குடுக்கல. எனக்குக் கேன்சர். மருந்துல கொட்டிடுச்சு. நான் இன்னும் சாகல."

புத்தகம் திறந்தபடியே இருந்தது. எப்சிபா போர்வையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கிரேஸின் முகம் வெளுத்துவிட்டது. அவள் மெதுவாகப் புத்தகத்தை மூடினாள். மற்றவர்களும் மூடினார்கள்.

"பாயைச் சுருட்டு" என்றாள் கிரேஸ். சுருட்டி, கண்ணில் படாதபடி வாசலுக்கு வெளியே வைத்தார்கள். எல்லாரும் வெறும் தரையில் உட்கார்ந்தார்கள்.

ஜெபமும் பாட்டும் இல்லாமல் ஒரு நோயாளி வீட்டில் உட்கார்ந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. ஈவ்லின் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். கிரேஸின் கண், ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த குல்லா மேல் விழுந்தது. எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"யாரு பின்னினது?"

"நான்தான்" என்றாள் எப்சிபா.

"ஏம்மா, இதுக்குள்ள உன் தலையும் போகும், என் தலையும் போகும் போலிருக்குதே."

ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். எப்சிபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் போர்வையை வாயிலிருந்து எடுத்தாள்.

"முடியோட அளவு எடுத்துட்டோம்க்கா."

"மூட்டின இடத்தை உள்ளே தள்ளித் தைக்கலாமே" என்றாள் ஒருத்தி.

"தைச்சா தடிப்பா நிக்கும், மொட்டைத் தலையில உறுத்தும்" என்றாள் ஈவ்லின். "பிரிச்சுத்தான் ஆகணும்."

கிரேஸ் உச்சி முடிச்சைத் தேடி அவிழ்த்தாள். நூல் வரவர, எதிரில் இருந்தவள் இரண்டு கையையும் நீட்டி அதில் சுற்றிக்கொண்டாள். பிரித்த நூல் சுருள் சுருளாக வந்தது. அலசிக் காயப்போட்டு, சுருக்கம் போன பிறகுதான் மறுபடி பின்ன முடியும்; காலை வண்டிக்குள் ஆகாது. எல்லாருக்கும் அது தெரிந்தது. ஆனாலும் பிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

கிளம்பும்போது கிரேஸ் கட்டிலருகே வந்து நின்றாள்.

"இங்க இனிமே வந்து பாடமாட்டோம். ஆனா ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஜெபிப்போம். உன் பேரு சொல்லலாமா, வேணாமா? நீயே சொல்லு."

எப்சிபா வெகுநேரம் யோசித்தாள். சொன்னால் எல்லாருக்கும் தெரியும். மார்க்கெட்டில் கேட்பார்கள். டிப்போவில் கேட்பார்கள். இவளுக்கு முன்னே எத்தனை பேருடைய பெயர் சர்ச் மேடையில் சொல்லப்பட்டு, பிறகு சொல்லப்படாமல் போனது என்பதும் ஞாபகம் வந்தது.

"சொல்லுங்க" என்றாள். "சாகற மாதிரி சொல்லாதீங்க. மருந்து எடுத்துக்கினு இருக்கான்னு சொல்லுங்க."

"அப்போ நாளைக்குப் போறியா?" என்று ஈவ்லின் கதவோரத்திலிருந்து கேட்டாள்.

எப்சிபா தலையை மட்டும் ஆட்டினாள்.

காலையில் பனி விலகவில்லை. அக்காவின் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து இரண்டு சுற்றாகத் தலையில் கட்டிக்கொண்டு, அதற்கு மேல் முக்காடு போட்டாள். ஈவ்லின் கூட வந்தாள். பஸ் ஸ்டாண்டில் திருப்பதி வண்டி நின்றிருந்தது. டிரைவர் வேதாச்சலம், அவளோடு நெடுநாள் ஒரே வண்டியில் ஓடியவர், ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா எப்சி, முதுகு நேராயிடுச்சா? ட்யூட்டியா, சவாரியா?"

படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் அக்காவின் கை முதுகில் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு அண்ணா" என்றாள். "கேன்சருக்கு மருந்து ஏத்தறாங்க."

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேதாச்சலம் இன்ஜினை அணைத்துவிட்டு, "நீ மெதுவா ஏறு, உட்கார்ந்ததும் எடுக்கறேன்" என்றார்.

எப்சிபா ஏறினாள். பயம் போகவில்லை. அக்காவை நடைப்பக்கம் விட்டுவிட்டு, ஜன்னலோரம் தான் உட்கார்ந்துகொண்டாள்.