டவுன் பஸ் டிரைவர் என் சைக்கிள் ஓட்டிய காலை

ஞாயிறு, காலை 6.10. உக்கடம் பெரியகுளத்தை விட்டுக் கிளம்பும்போது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாற்பத்தாறு வயதில், நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய பழைய சைக்கிளில், ஏறக்குறைய பத்தொன்பது கிலோமீட்டர்! மறுநாள் பெரியநாயக்கன்பாளையத்துப் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேருகிறேன். சைக்கிளிலேயே போய்வருவேன் என்று அடம்பிடித்ததற்கு, "இன்னைக்கு ஒருக்கா போயிட்டு முழுசா ஊடு வந்து சேரு அம்மணி, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர். அதற்கான ஒத்திகைதான் இது.

6.50. கவுண்டம்பாளையம். ரோடு காலி, காற்று சில்லென்று. மேம்பாலத்தில் இருந்து இறங்கும்போது வாய்விட்டுக் கத்தினேன்.

7.25. துடியலூர் தாண்டியதும் வண்டிகள் பெருகிவிட்டன. நம் ஊரில் தள்ளிவிடுவதைக்கூட மரியாதையோடுதான் செய்வார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு ஹாரன் காதைக் கிழித்தது. படியில் நின்ற கண்டக்டர், "ஏனுங்க அக்கா, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க!" என்றார். ஒதுங்க இடம் ஏது? தனியார் டவுன் பஸ் என் முழங்கையை உரசாத குறையாகப் போக, நான் மண்ணில் இறங்கிப் புதருக்குள் போய் நின்றேன். அப்புறம் வந்தது பாருங்கள் கோபம், அந்த வேகத்திலேயே மிச்சத் தூரத்தையும் மிதித்துவிட்டேன்.

8.00. பெரியநாயக்கன்பாளையம். அதே பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்னைக் கொல்லப் பாத்தீங்களே!"

"ஹாரன் அடிச்சனுங்களே அக்கா!" அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "அடிக்காமப் போனாத்தானுங்க தப்பு."

ஹாரன் அடித்தால் அவர் கடமை முடிந்தது, மிச்சமெல்லாம் சைக்கிள்காரன் பாடு!

"பஸ் எடுக்க எத்தனை நேரமாகுமுங்க?"

"பத்து நிமிசமுங்க."

"அப்ப இந்தாங்க சைக்கிள். அடுத்த ஸ்டாப் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

கண்டக்டர் விசிலடித்தார். பயணிகள் ஜன்னலில் தலை நீட்டினார்கள். டிரைவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "சின்ன வயசுல நான் ஓட்டாத சைக்கிளுங்களா!" என்று ஏறிப் போனார்.

எட்டாவது நிமிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். காக்கி பேண்டில் முழங்கால் வரை சேறு.

"என்னாச்சுங்கண்ணா?" என்றார் கண்டக்டர்.

"நம்ம ரூட்டு பஸ்தானுங்க..." குரல் இறங்கிவிட்டது. "ஹாரன் அடிச்சானுங்க."

யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நானும்தான். எனக்கு ஒரு டீ சொல்லி, பதினைந்து ரூபாயை டிரைவரே கொடுத்தார்.

8.20. திரும்பும் வழியில், ஜோதிபுரம் தாண்டி ரோடு குறுகும் இடத்தில், பின்னால் பஸ் இன்ஜின் சத்தம். திரும்பிப் பார்த்தால், அவரேதான்! ஹாரனைத் தொடாமல் என் பின்னாலேயே மெதுவாக வந்தார். அவருக்குப் பின்னால் கார்கள் கத்தித் தீர்த்தன, மனிதர் அசையவில்லையே! ரோடு அகன்ற பிறகு, ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் விட்டுக் கடந்து போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பொய் சொல்ல மாட்டேன், உக்கடம் வருவதற்குள் இன்னும் இரண்டு பஸ்கள் என்னை ஓரங்கட்டின.

10.15. வீட்டு வாசல். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப நாளைக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"அரை மணி நேரம் முன்னாடியே கிளம்போணுங்க," என்றேன். "இன்னும் ரெண்டு டிரைவருங்களுக்குச் சைக்கிள் குடுக்க வேண்டியிருக்குது."