சம நோய்க்குச் சம மாத்திரை

மேடையில் பேசுகிறவனுக்குத் தொண்டைதான் முதலீடு. நெஞ்சு, பேச்சுக்கு நடுவே தட்டிக்காட்ட மட்டும். பீடித் தொழிலாளர் சங்கத்தில் நாற்பது வருஷம் அப்படித்தான் நம்பியிருந்தேன். வலி ஒன்றும் இல்லாமலே வியாதிக்காரர் ஆனவர் உங்களில் யாராவது இருந்தால் இது புரியும்.

இரண்டு தாள்

மேலப்பாளையத்தில் எங்கள் சங்கமே நடத்திய மருத்துவ முகாம். ஆள் சேரட்டும் என்று இசிஜி எடுக்க முதலில் நான் படுத்தேன். அடுத்தது காசிம். சங்கத்தில் எனக்கு இளையவன். இப்போது மைக் முதலில் போவது அவன் கைக்குத்தான், கைதட்டலும் அவனுக்குத்தான். இசிஜி தாள் இரண்டையும் பார்த்த டாக்டரம்மா, இருவருக்குமே இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்றார். எனக்குப் படபடப்பு இல்லை, மூச்சு வாங்கவில்லை. அவனுக்கும் அப்படியே. நோயிலும் பங்குக்கு வந்துவிட்டானே என்று எனக்கு எரிந்தது. அவன் சிரித்தான்.

"அண்ணாச்சி, நீங்க கோஷம் போட்டீய, நான் திருப்பிச் சொல்லியிருக்கேன். அம்புட்டுதான்."

பாகுபாடு

மறுவாரம் இருவரும் டாக்டரம்மாவிடம் போனோம். துடிப்பு இப்படித் தப்பினால் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அது மூளைக்குப் போனால் கை, கால், பேச்சு எதுவும் போகலாம். உறையாமலிருக்க எனக்கு மாத்திரை நல்லது என்றார். ஆனால் முன்பு ஒருமுறை என் குடல் புண்ணில் ரத்தம் கசிந்திருக்கிறது, அதனால் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அந்தப் புண் நான் இருந்த உண்ணாவிரதங்களின் பரிசு. காசிம் பந்தலுக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தவன். அவனுக்கு மாத்திரையே வேண்டாமாம். சம வேலைக்குச் சம கூலி கேட்டவன் சும்மா இருப்பேனா? ஏன் இந்தப் பாகுபாடு என்றேன்.

"அவருக்கு வயசு ஐம்பத்தஞ்சு, பிரஷர் இல்ல, சுகர் இல்ல. உங்களுக்கு எழுபது, ரெண்டும் இருக்கு. இதுல சீனியாரிட்டி உங்களுக்குத்தான் சார்."

கடைசிச் சொட்டு

பத்து நாள் யோசித்தேன். நான் எழுதிய நோட்டீஸ் எல்லாம் 'கடைசிச் சொட்டு ரத்தம் உள்ளவரை' என்றுதான் முடியும். இந்த மாத்திரை போட்டால் முகம் மழிக்கும்போது கீறினால்கூட ரத்தம் சட்டென்று நிற்காதாமே என்று, பீடி சுற்றும் செய்யதம்மாளிடம் புலம்பினேன். இலை வெட்டும் கத்தரியை நிறுத்தாமலே அவள் சொன்னாள்.

"நோட்டீஸ்ல எழுதுனத இப்பதான் செய்யப் போறீய, அண்ணாச்சி."

ஆறுதல்

மறுநாள் காசிம் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தான். பேச்சு போய்விடுமோ என்றுதான் பயம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது, அதுதான் தாங்கவில்லை.

"கவலைப்படாதீய. உங்க பேச்செல்லாம் எனக்கு மனப்பாடம். நான் பேசிக்கிடுதேன்."

அன்றே டாக்டரம்மாவிடம் போய், குடல் புண்ணுக்கும் ஒரு மாத்திரை சேர்த்து எழுதி வாங்கி முதல் மாத்திரையை விழுங்கினேன். உயிருக்குப் பயந்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், மைக்குக்குப் பயந்து.