இந்த ஸ்பிரிங் கடைசியில் யாருக்கு?

போன செவ்வாய்க்கிழமை கண்டி மார்க்கெட்டில் சிவகாமியைப் பார்த்தேன். முன்பு அம்பிட்டியவில் எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த பெண். சொந்த ஊர் கலஹா. இப்போது பல்லேகலவில் ஒரு சின்ன ஃபெக்டரியில் ஏற்றுமதிக் காகிதங்களைக் கவனிக்கிறாள். பூட்டு, பேனா, தையல் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் ஸ்பிரிங் செய்கிற இடம்.

"வேலை எப்படிப் போகுது?" என்றேன்.

"போகத்தான் பாத்துச்சு அக்கா... தப்பிச்சிருச்சு!"

விடுவேனா? டீக்கடைக்கு இழுத்துப்போய்க் கதையைக் கேட்டேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டு ஏஜென்ட் பெரிய ஓடர் அனுப்பியிருக்கிறான். வாங்குவது ஒரு நாட்டில், சரக்கு இறங்குவது வேறொரு நாட்டில். 'தையல் மெஷின் பாகம்' என்று எழுதியிருந்தது. ஃபெக்டரியே குஷியாகிவிட்டது. ஓவர்டைம் கிடைக்குமே!

ஓடரோடு வந்த படத்தைப் பார்த்த சிவகாமிக்கு மட்டும் இடித்தது. ஸ்பிரிங் வட்டமாக இல்லை, நீள்சதுரமாக இருந்தது. சூப்பர்வைசர் நஸீரிடம் காட்டினாள். வளைகுடா நாட்டுப் பட்டறைகளில் பல வருடம் வேலை பார்த்தவர்.

"தங்கச்சி, இது தையல் மெஷினுக்குப் போற சாமான் இல்ல. துவக்குல தோட்டாவ மேல தள்ளுற ஸ்பிரிங்தான் இப்பிடி இருக்கும்."

ஸ்பிரிங்குக்கான கம்பி வெளிநாட்டுச் சரக்கு. அதை விற்கிற கம்பெனி ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு படிவம் கேட்கும் — செய்த பொருள் கடைசியில் யார் கைக்குப் போகிறது? எதற்கு? ஏஜென்ட் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தான்.

துப்பாக்கியிலிருந்து டாங்கி வரை ஆயுத வியாபாரத்தைக் கட்டுப்படுத்த ஓர் உலக உடன்படிக்கை இருக்கிறது. உதிரிப் பாகங்களும் அதில் அடக்கம். கம்பிக் கம்பெனி அந்தப் படிவத்தைக் கேட்பதும் அதனால்தான். சேர்ந்த நாடுகள் உண்டு, சேராதவை உண்டு... சேர்ந்துவிட்டு மறந்தவையும் உண்டு! கோட் போட்டவர்கள் பெரிய மண்டபங்களில் பேசும் விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மெனேஜர், "தையல் மெஷின்னே எழுதி சைன் பண்ணுங்க மிஸ். நமக்கு என்ன தெரியும்?" என்றார்.

"தெரிஞ்சிருச்சே சேர்" என்றாள் இவள்.

சைன் பண்ணவில்லை. கடைசியில் பயன்படுத்துபவர் யார் என்று எழுத்தில் தரும்படி ஏஜென்டுக்கு ஈமெயில் போட்டாள். முதல் நாள் இனிப்பான பதில். மறுநாள் காரமான பதில். மூன்றாம் நாள், ஓடர் வாபஸ்.

மெனேஜர் ஒரு வாரம் அவள் மேசைப் பக்கமே வரவில்லை. ஓவர்டைம் பறிபோனவர்கள் கென்டீனில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நஸீர் மட்டும் தினமும் எதிரில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிறகு கம்பி விற்கிற கம்பெனியிலிருந்து ஃபைல்களைப் பரிசோதிக்க ஒருவர் வந்தார். அந்த ஈமெயிலை இரண்டு தடவை படித்தார். "மற்ற இடங்களிலும் இப்படி ஒரு ஆள் இருந்தால் எங்கள் வேலை சுலபம்" என்று மெனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். இப்போது அந்தப் படிவம் நிரம்பாமல் ஃபெக்டரியில் எந்த ஓடரும் எடுப்பதில்லை. யார் உத்தரவு? மெனேஜருடையதுதான்!

சட்டத்தை எவ்வளவு உயரத்தில் எழுதினால் என்ன... அதை நடத்திவைப்பது கடைசியில் ஒரு கிளார்க்தான்.

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. "அவன் வேற ஃபெக்டரிக்குப் போயிருப்பானே?" என்றேன்.

"போனான் அக்கா, கொழும்புப் பக்கம். அங்க காகிதம் பாக்குறவ என்கூட கோர்ஸ் படிச்சவ. 'உங்களுக்கும் இது வந்துச்சா?'ன்னு ஃபோன் பண்ணிக் கேட்டா. நடந்ததச் சொன்னேன். அவளும் சைன் பண்ணல."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், சிரித்தபடி சொன்னாள்.

"இப்ப நாங்க ரெண்டு பேரு."