நாலாம் அறையில் காலைச் சாப்பாடு

எட்டரை மணிக்கு எபிசன் நாலாம் அறையின் முன்பெஞ்சில் உட்கார்ந்து, மரச்சீனிக் கிழங்கைச் சாளை மீன் குழம்பில் முக்கித் தின்பார். கதவும் மூன்று ஜன்னல்களும் விரியத் திறந்திருக்கும். மூத்த பிள்ளைகளைக் கொண்டுவிட்டு கேட்டருகே நிற்கும் தாய்மார்கள் பார்க்க வேண்டும், அதற்காகத்தான்.

“எபிசா, இது கிளாஸா, சாயாக்கடையா?” என்றார் தலைமையாசிரியை சிஸ்டர்.

“எட்டு நாளா இங்க இருந்து திங்கேன் சிஸ்டர். இன்னும் சாவல்லன்னு அவளுவ பாக்கட்டு.”

முட்டத்துக்குப் பக்கத்துக் கடலோரப் பள்ளி. எபிசன் அங்கே ஆய்வக உதவியாளர். ஐ.டி.ஐ. படித்தவர் என்பதால் ஃபேன், மோட்டார், மணி எல்லாம் அவர் தலையில். இரண்டாம் அலையில் பள்ளியைக் கொரோனா சிகிச்சை மையமாக்கினார்கள். நாலாம் அறையில் ஆறு கட்டில்கள். நவம்பரில் சின்ன வகுப்புகள் திறந்தபோது, பிள்ளைகளை இடைவெளி விட்டு உட்கார்த்த எல்லா அறைகளும் தேவைப்பட்டன. நாலாம் அறை இரண்டாம் வகுப்புக்கு வந்தது. பதினெட்டுப் பேரில் நாலு பேர்தான் வந்தார்கள்.

“ஒண்ணாங் கிளாஸ் போனுக்குள்ளயே போச்சு. ரெண்டாங் கிளாஸும் போவணுமா?” என்று கேட்டைப் பார்த்துக் கத்துவார்.

முதலில் அவர் சாப்பாட்டை நம்பவில்லை, அளந்து பார்ப்பதையே நம்பினார். சுவருக்கு வெள்ளையடித்தார். துருவேறிய ஜன்னல் கொக்கிகளை மாற்றினார். காற்றோட்டம் போதுமா என்று பார்க்க ஊதுபத்தி கொளுத்தி அறையின் நடுவில் நின்றார். பன்னிரண்டு விநாடியில் புகை கடல் பக்கமாக வெளியேறியது. அவருக்குத் திருப்தி. கேட்டருகே நின்றவர்கள் கண்டதோ வேறு. ‘செத்த அப்பனுக்க ஆவிய வெரட்டுகான்’ என்று அன்று சாயங்காலத்துக்குள் கடற்கரை முழுக்கப் பேச்சு. மறுநாள் நாலு பேர் இரண்டு பேரானார்கள். அதன்பிறகுதான் கிழங்கும் குழம்பும்.

எபிசனின் அப்பா சிலுவைதாசன் மே மாதம் அந்த அறையில் மூன்று நாள் கிடந்தார். நான்காம் நாள் பெரிய ஆஸ்பத்திரி. அங்கிருந்து நேரே கல்லறைத் தோட்டம். ஊர்க்காரர் யாரையும் சிகிச்சை மையத்துக்குள் விடவில்லை, மின்வேலைக்குப் போன எபிசனைத் தவிர. அப்பாவைப் பற்றிக் கேட்டால் எண்களை மட்டும் சொல்வார்: தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று ஒன்று, எண்பத்தாறு. மூன்று நாளின் ஆக்சிஜன் அளவு.

கிழங்கு தின்னத் தொடங்கி ஒன்பதாம் நாள், கேட்டருகே நிற்பவர்களில் ஒருவரான லிஜா, மகள் பெபிஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு அறை வாசல்வரை வந்துவிட்டார்.

“அண்ணே, ஒளிக்காம சொல்லணும். அப்பாவுக்க கட்டில் எந்த எடத்துல கெடந்துது? பிள்ளைய அங்க இருத்தாண்டாம்.”

எபிசன் எழுந்து கையைக் கழுவினார். மாஸ்க்கை ஏற்றினார். கரும்பலகைக்கு எதிரே, அறையின் பின்மூலையைக் காட்டினார்.

“அங்க.”

“அப்ப ஜன்னல் பக்கம்?”

“அங்க ஒண்ணும் இல்ல மக்கா. நல்ல காத்து வரும்.”

பெபிஷா ஜன்னலோரப் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். அவள் கைக்கெட்டும் உயரத்தில் சுவரில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. ஆக்சிஜன் இயந்திரத்துக்காக, மே மாதம், அப்பாவின் தலைமாட்டில் எபிசன் பொருத்தியது. பெபிஷா அதன் துளையை நோக்கி விரலை நீட்டினாள். எபிசன் சட்டைப் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, துளைகளின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தினார்.